வொர்க் பார்ட்டி

"வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வொர்க் பார்ட்டி, உறுப்பினர்கள் அனைவரும் வரவும்" என்று மெயில் வந்தது. பார்ட்டின்னுதானே சொல்றாங்க, கிளப்புல சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு, நாலு பேர் பழக்கமாகட்டும்னு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புது ஷூ, கையில ஒரு டப்பா பிஸ்கட் சகிதம் போய் நின்னேன். அங்கே பார்த்தா ஒன்பது பேர். தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையில அரிவாள், மண்வெட்டி, தள்ளுவண்டி. சராசரி வயசு அறுபத்தஞ்சு இருக்கும். செயலாளர் என்னை மேலயும் கீழயும் ஒரு தடவை பார்த்தார். ஒண்ணும் சொல்லல. ஒரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டினார். வொர்க் பார்ட்டின்னா வேலை மட்டும்தான், பார்ட்டி எல்லாம் கிடையாதுன்னு அப்பதான் புரிஞ்சது. (பத்தரை மணிக்கு டீயும் பேக்கன் ரோலும் உண்டு. வேணும்னா அதை பார்ட்டின்னு வெச்சுக்கலாம்.)

இது நடந்தது 2021 ஜூனில். பொட்டி தட்டுறதுக்காக இங்கிலாந்து வந்து சேர்ந்த புதுசு. வீட்டிலிருந்தே ஆணி புடுங்கி, ஆள் முகமே பார்க்காம பைத்தியம் பிடிக்கிற நிலைமை. சாயங்காலம் நடக்கப் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி தெரியும். நாலு ஏக்கர் இருக்கும். அந்தக் காலத்தில் சரளைக்கல் தோண்டி எடுத்த குழி, தண்ணி ஊறி ஏரியாயிடுச்சு. தேம்ஸ் பள்ளத்தாக்கு பூரா இப்படி நிறைய உண்டு. அதில் ஒருத்தர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தக்கையையே பார்த்துட்டு இருப்பார். பக்கத்தில் ஒரு பிளாஸ்க். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்க ஊர்க் கண்மாய் ஞாபகம் வரும். சிவகங்கைப் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைஞ்சா சோறு, இல்லைன்னா இல்லை. சின்ன வயசுல கருவேலங்குச்சியில நரம்பு கட்டி, மண்புழு கோத்து உட்கார்ந்த கைதானே இது. சரி, நாமளும் போடுவோம்னு இறங்கிட்டேன்.

இறங்கினப்புறம்தான் தெரிஞ்சது, இங்கே தூண்டில் போடுறது அவ்வளவு லேசான காரியம் இல்லைன்னு. முதல்ல அரசாங்கத்தோட ராடு லைசென்ஸ் வாங்கணும். லைசென்ஸ் இல்லாம போட்டு மாட்டினா 2,500 பவுண்டு வரைக்கும் அபராதம். லைசென்ஸ் இருந்தாலும் கண்ட தண்ணியில போட முடியாது. அந்தத் தண்ணி யாருக்குச் சொந்தமோ, யார் குத்தகைக்கு எடுத்திருக்காங்களோ அவங்க அனுமதி தனியா வேணும். எங்க ஏரியை கிளப் குத்தகைக்கு எடுத்திருக்கு. ஆத்துல மார்ச் 15-லிருந்து ஜூன் 15 வரைக்கும் மீன் முட்டை போடுற காலம்னு கெண்டை, ரோச் வகையறாவுக்குத் தூண்டில் போடத் தடை. ஏரிகள்ல பெரும்பாலும் அந்தத் தடை இல்லை. கொக்கியில் முள்ளு இருக்கக் கூடாது, பிடிச்ச மீனை வெறுந்தரையில் போடக்கூடாது, ஈர மெத்தையில்தான் வைக்கணும். (மெத்தை! மீனுக்கு!) அதைவிடப் பெரிய விஷயம், பிடிச்ச மீனை எடை போட்டு, போட்டோ எடுத்து, திரும்ப தண்ணியிலேயே விட்டுடணும்.

இதை போன்ல அப்பத்தாகிட்ட சொல்லிட்டு நான் பட்ட பாடு இருக்கே.

"ஏன்டா, பிடிச்ச மீன விட்டுட்டு வரவாடா இம்புட்டுத் தூரம் போன?"

"இங்க அதுதான் அப்பத்தா சட்டம்."

"கொழம்பும் வைக்கமாட்டாக, விக்கவும் மாட்டாக. பொறவு எதுக்குடா பிடிக்கிறாக?"

நியாயமான கேள்வி. இன்னி வரைக்கும் எனக்குச் சரியா பதில் சொல்லத் தெரியல.

கிளப்ல நூத்திச் சொச்சம் உறுப்பினர்கள். வேலைக்கு வர்றது ஒன்பது பேர். மீதிப் பேர் என்ன பண்ணுவாங்கன்னா, குறை சொல்வாங்க. தண்ணி பச்சையா இருக்கு, கரை சரியுது, பாதையில சேறு, பெரிய மீன் இல்லை, இருக்கிற மீன் கடிக்க மாட்டேங்குது, கமிட்டி என்னதான் பண்ணுது? கமிட்டின்னா தலைவர், செயலாளர், பொருளாளர், அப்புறம் ஏரியைச் சுத்தி வந்து லைசென்ஸ் பார்க்கிற பெய்லிஃப். நாலு பேருக்கும் சம்பளம் கிடையாது. கமிட்டியைக் கேட்டா, "குறை சொல்ல நூறு பேர், ரம்பம் பிடிக்க ஆள் இல்லை" என்பார்கள். எனக்கு இது ரொம்ப நல்லா பழக்கப்பட்ட சண்டை. ஆபீஸ்ல டெவலப்பர்களும் சப்போர்ட் ஆட்களும் தினமும் போடுறது இதேதான்.

நானும் முதல்ல குறை சொல்ற கூட்டத்துலதான் இருந்தேன். என் வயசுப் பையன்கள் ரெண்டு பேர், கெண்டை வெறியர்கள், ராத்திரி பூரா கூடாரம் போட்டுத் தூங்குற ரகம். அவங்களோட சேர்ந்து அந்த வருஷம் செப்டம்பர்ல ஆண்டுக் கூட்டத்துக்குப் போனோம். பப்புல பின்பக்க ரூம். எங்க கோரிக்கை ஒண்ணே ஒண்ணு: காசு செலவு பண்ணி இருபது பவுண்டு எடையுள்ள கெண்டைகள் பத்து வாங்கி விடணும். ஒரு மீனுக்கே சில நூறு பவுண்டு ஆகும்னு எங்களுக்கும் தெரியும். நான்தான் எழுந்து பேசினேன். நல்லாவே பேசினேன்னு நினைச்சுட்டு உட்கார்ந்தேன்.

பெய்லிஃப் எழுந்தார். லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர், அதிகம் பேச மாட்டார். மீன் வாங்கி விடறதுக்கு என்விரான்மென்ட் ஏஜென்சி பெர்மிட் வேணும், அது கிடைச்சிடும். ஆனா எங்கேயோ வளர்ந்த கெண்டையோட கோய் ஹெர்ப்பீஸ் வைரஸ் வந்துச்சுன்னா? தண்ணி 16 டிகிரிக்கு மேல போனதும் அது வேலையைக் காட்டும், இருக்கிற கெண்டையும் சேர்ந்து போகும் என்றார். அரசாங்கத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் அது. அப்புறம் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "இருக்கிற மீனே ஆகஸ்ட் காலையில வாயைப் பிளந்துட்டு மேல வருது. இன்னும் பத்தைக் கொண்டுவந்து விட்டா எதை சுவாசிக்கும்?"

பதில் சொல்லத் தெரியல. தலைவர் சிரிச்சுட்டே, "கமிட்டியில ஒரு இடம் காலி. தண்ணியோட தரத்தைப் பார்த்துக்க ஆள் வேணும். நீ இன்ஜினியர்தானே மேட்?" என்றார். நான் மெக்கானிக்கல் படிச்சு சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டுறவன், எனக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்னு சொல்றதுக்குள்ள மூணு பேர் கை தூக்கிட்டாங்க. தீர்மானம் நிறைவேறிடுச்சு.

சரின்னு உட்கார்ந்து படிச்சேன். விஷயம் இதுதான். தண்ணி சூடாக ஆக அதுல கரையுற ஆக்சிஜன் குறையும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல பிடிக்கும். 20 டிகிரியில் 9 சொச்சம். 30 டிகிரியில் ஏழரைதான். பகல்ல பாசியும் செடியும் வெயில்ல ஆக்சிஜன் விடும், ராத்திரியில அதுங்களே மீனோட போட்டி போட்டு இழுக்கும். அதனால ஆபத்தான நேரம் மத்தியானம் இல்லை, விடியற்காலை. அடியில வண்டல் கிடந்தா அது அழுகறதுக்கும் ஆக்சிஜன் போகும். இதுக்கு மேல, காத்து அடிச்சு தண்ணி கலங்கினாத்தான் மேல இருக்கிற ஆக்சிஜன் அடிக்குப் போகும்.

எங்க ஏரியில இந்த எல்லா வியாதியும் இருந்தது. மூங்கில் கழியில கோடு போட்டு, ஒரு சின்னப் படகில் போய் நாப்பது இடத்துல குத்திப் பார்த்தோம். கழி முதல்ல மெத்துன்னு இறங்கும், அப்புறம் 'டக்'னு சரளையில முட்டும். அந்த மெத்துன்னு இறங்குற உயரம்தான் வண்டல். மேற்கு மூலையில ரெண்டடித் தண்ணிக்குக் கீழே மூணடி வண்டல்! எல்லாம் வில்லோ மர இலை. தென்மேற்குக் கரை பூரா வரிசையா அந்த மரங்கள்தான். இங்கே காத்து பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் வரும். ஆக, அந்த மரங்கள் காத்தையும் மறிச்சு, இலையையும் கொட்டி, ரெண்டு பக்கமும் அடிச்சுட்டு இருந்தது.

மெஷின் வெச்சுத் தூர் வார கிளப்பில் காசு இல்லை. ஊர்ல குடிமராமத்துன்னு சொல்வாங்க. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கண்மாயில மண்ணள்ளிக் கரையில போடணும், மடையைச் சரி பண்ணணும். பாட்டன் காலத்தோட அது நின்னுபோய், 2017-ல் தமிழ்நாடு அரசு அதே பேர்ல ஒரு திட்டமா திரும்பக் கொண்டுவந்தது. எங்க ஐயா அந்தக் காலத்துல வராத வீட்டுக்கு என்ன தண்டனைன்னு சொல்வார்: கண்மாய் அழியும்போது மீன்ல பங்கு கிடையாது. நான் இதை கமிட்டியில சொன்னேன். பொருளாளருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மீன்ல பங்கு கொடுக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அதுக்குப் பதிலா, வருஷத்துக்கு மூணு வொர்க் பார்ட்டிக்கு வந்தா அடுத்த வருஷ சந்தாவில் 30 பவுண்டு கழிவுன்னு முடிவு பண்ணாங்க. ஒன்பது பேர் இருபத்தி மூணு பேர் ஆனாங்க. 30 பவுண்டுக்கு இவ்வளவு சக்தின்னு நான் நினைக்கவே இல்லை.

மரத்தை வெட்டணும்னு முடிவானதும்தான் வினை ஆரம்பிச்சது.

வேலிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்க்கோட உட்கார்ந்திருப்பார்னு சொன்னேனே, அந்தப் பெரியவர். வயசு எழுபத்தெட்டு அப்போ. தென்மேற்குக் கரையில ஒரு பெரிய வில்லோவுக்கு அடியிலதான் அவர் இடம். இங்கே அதை 'ஸ்விம்' என்பார்கள். 1970-களிலிருந்து அதே ஸ்விம். கெண்டை எல்லாம் அவருக்கு ரெண்டாம்பட்சம், ஆம்பல் இலைக்குப் பக்கத்துல டென்ச் பிடிக்கிறதுதான் அவர் உலகம். நான் கூட்டத்துல லேப்டாப்பைத் திறந்து, காத்து திசை, வண்டல் ஆழம், கலர் கலரா படம் எல்லாம் காட்டினேன். அவர் முழுசாப் பார்த்தார். "நீ இங்க வந்து எத்தனை நாள் ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். ஆறு மாசம்னு சொன்னேன். தொப்பியை எடுத்துப் போட்டுக்கிட்டு வெளியே போயிட்டார்.

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. அந்தக் கேள்வியில வேற அர்த்தம் எதுவும் இருக்கான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும். செயலாளர்கிட்ட கேட்டேன். "என்கிட்டயும் அதைத்தான் கேட்டார், நான் வந்து முப்பது வருஷம் ஆகுது" என்றார். ஓரளவு நிம்மதி.

மரம் வெட்டுறதுன்னா இங்கே குளிர்காலத்துலதான். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் பறவைகள் கூடு கட்டுற காலம், குடியிருக்கிற கூட்டைக் கலைச்சா 1981-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அதனால நவம்பர்ல ஆரம்பிச்சோம். இன்ஜின் ரம்பம் பிடிக்கச் சான்றிதழ் வெச்சிருந்தது ரெண்டே பேர். மத்தவங்க கிளையை இழுக்கணும். குளிர்னா குளிர், கையுறைக்குள்ள விரல் இருக்கான்னே தெரியாது. வெட்டின கிளைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, கல்லைச் சேர்த்து, ஆழம் குறைஞ்ச இடத்துல தண்ணிக்குள்ள இறக்கினோம். குளிர்காலத்துல நீர்க்காகங்கள் கடலை விட்டு உள்நாட்டுக்கு வந்து ஏரி ஏரியா மேயும். சின்ன ரோச் எல்லாம் ஓடி ஒளிய இந்தக் கட்டுகள்தான் வீடு. கட்டை விரல் தடிமன் குச்சிகளைச் சரிஞ்ச கரையில வரிசையா அடிச்சு, நடுவில சின்னக் கிளைகளைப் பின்னிவிட்டோம். வில்லோவுக்கு ஒரு குணம், முருங்கைப் போத்து மாதிரி, வெட்டி ஈர மண்ணுல குத்தினா வேர் விட்டுடும். வசந்தத்துல பார்த்தா வேலி தளிர் விட்டிருந்தது. கரையை அதுவே பிடிச்சுக்கிச்சு.

இதெல்லாம் நடக்கும்போது பெரியவர் ரெண்டு மாசம் எட்டிப் பார்க்கல. அவர் மரத்தை மட்டும் விட்டு வெச்சிருந்தோம். ஜனவரியில் ஒரு ஞாயிறு, பனி உறைஞ்சு கிடக்கு, கைத்தடியோட வந்தார். மரத்துக்குப் பக்கத்துல போய், கைத்தடியைத் தலைக்கு மேல தூக்கி ஒரு இடத்துல தட்டினார். "இங்க வெட்டுங்க. அடியோட இல்லை. இந்த உயரத்துல வெட்டினா திரும்பத் துளிர்க்கும். மாடும் எட்டாது." அந்த வெட்டுக்கு 'பொல்லார்ட்' என்று பேர், நூத்துக்கணக்கான வருஷமா இங்கே வில்லோவை அப்படித்தான் வெட்டுறாங்களாம். எங்க யாருக்கும் தோணலை. என் கலர் படத்துலயும் அது இல்லை. பெரியவர் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெட்டி முடிக்கிற வரைக்கும் பார்த்தார்.

பார்லி வைக்கோல் கதை வேற ஒண்ணு இருக்கு. வைக்கோலை வலையில கட்டி வசந்தகாலத்துல மிதக்கவிட்டா, அது மக்கும்போது புதுசா பாசி வளர்றதைத் தடுக்கும்னு இங்கே ஒரு நம்பிக்கை. ஆராய்ச்சிகள்லயே ரெண்டு விதமா முடிவு வந்திருக்கு. பொருளாளர் தீவிர பக்தர், நான் நாத்திகன். ஏப்ரல்ல பன்னெண்டு மூட்டை போட்டோம். அந்தச் சண்டை இன்னும் முடியல, விடுங்க.

2022 ஜூலைக்கு வர்றேன். 19-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை லிங்கன்ஷயர்ல கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி. பிரிட்டன் சரித்திரத்துலயே 40-ஐத் தாண்டினது அதுதான் முதல் தடவை. நம்மூர்க்காரனுக்கு 40 என்ன பெரிய விஷயம்னு தோணும். இங்கே வீடும் அதுக்குக் கட்டலை, மீனும் அதுக்குப் பிறக்கலை. ஒரு வாரம் முன்னாடியே கமிட்டி கூடி, தூண்டில் போடறதை நிறுத்திட்டோம். ரெண்டு டீசல் பம்ப் வாடகைக்கு எடுத்தோம், ஏரித் தண்ணியையே உறிஞ்சி மேல பீய்ச்சி அடிக்க. செகண்ட் ஹேண்டுல ஆக்சிஜன் மீட்டர் ஒண்ணு கிளப்பில் இருந்தது. தினமும் காலை நாலரைக்கு ஒருத்தர் போய் அளவு எடுக்கணும். 4-க்குக் கீழே போனா பம்பைப் போட்டுட்டு பெய்லிஃபைக் கூப்பிடணும். ரோட்டா போட்டது நான். கலர் கலரா எக்செல்ல. ஒரு நாளைக்கு ஒரு பேர்.

18, 19, 20 மூணு நாளும் பம்ப் ஓடிக்கிட்டே இருந்தது. ராத்திரியில ஆளாளுக்கு மாத்தி டீசல் ஊத்தினோம். பெரியவர்கூட வந்து டார்ச் பிடிச்சார். ஒரு மீன் சாகலை. மரம் வெட்டின பக்கம் லேசா காத்து அடிச்சாலே தண்ணி சிலிர்க்கிறது தெரிஞ்சது. வியாழக்கிழமை சூடு இறங்கிச்சு. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் முதுகுல தட்டிக்கிட்டோம். பம்பை நிறுத்தினோம். ரோட்டா மட்டும் ஞாயிறு வரைக்கும் இருக்கட்டும்னு முடிவு.

23-ஆம் தேதி சனிக்கிழமை காலை என் முறை.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ்ல ரிலீஸ். பத்து மணிக்கு முடிய வேண்டியது, வழக்கம்போல ஒண்ணு உடைஞ்சு, ரோல்பேக் பண்ணி, திரும்பப் போட்டு, மூணு மணி ஆயிடுச்சு. நாலரைக்குப் போகணும், ஒரு மணி நேரம் கண்ணை மூடுவோம்னு அலாரம் வெச்சுட்டு சோபாவுல சாஞ்சேன். அலாரம் அடிச்சது லேசா ஞாபகம் இருக்கு. அதை அணைச்சதும் ஞாபகம் இருக்கு. சூடுதான் போயிடுச்சே, இன்னிக்கு ஒரு நாள் ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சதும் ஞாபகம் இருக்கு. அதுதான் இன்னும் உறுத்துது. தூங்கிட்டேன்னு சொல்றதுல பாதிதான் உண்மை.

ஏழு மணிக்கு எழுந்து பார்த்தா போன்ல ஆறு மிஸ்டு கால்.

என்ன ஆச்சுன்னா, மூணு நாள் வெயில்ல கொழுத்து வளர்ந்த பாசி, வெள்ளிக்கிழமை வானம் மூடிக்கிட்டதும் மொத்தமா செத்து அடியில உட்கார்ந்துடுச்சு. ஆக்சிஜன் விடறதுக்கு ஆள் இல்லை, அழுகறதுக்கு மட்டும் ஆள். சூட்டைவிட இதுதான் ஆபத்துன்னு நான் படிச்சிருந்தேன். கமிட்டிக்கு அனுப்பின மெயில்ல நானே எழுதியும் இருந்தேன். நாய் கூட்டிட்டு வந்த ஒரு உறுப்பினர் ஆறு மணிக்குப் பார்த்துட்டுதான் பெய்லிஃபைக் கூப்பிட்டிருக்கார். நான் போய்ச் சேர்ந்தப்போ ரெண்டு பம்பும் ஓடுது. மீட்டர்ல 1.8. ஏஜென்சி ஆட்களும் அப்புறம் வந்தாங்க, ஏரேட்டரோட.

முப்பத்தியொரு பிரீம். நாலு கெண்டை. கரையில புல்லு மேல வரிசையா கிடத்தியிருந்தாங்க. நாலுல ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்ச கெண்டை. வலது பக்கம் செதில் இல்லாம ஒரு தழும்பு இருக்கும், அதை வெச்சே அடையாளம் சொல்வாங்க. செயலாளரோட மகன் பத்து வயசுல பிடிச்ச போட்டோ பப்பு சுவத்துல மாட்டியிருக்கு. அந்தப் பையனுக்கு இப்போ முப்பது வயசு. எங்க ஊர்ல கண்மாய் அழியும்போது ஆயிரம் மீன் செத்துப் பார்த்திருக்கேன். பெரியவர் ஒருத்தர் வெள்ளைத் துண்டை வீசினதும் ஊரே ஊத்தாவும் கச்சாவுமா இறங்கும், அன்னிக்குப் பூரா எல்லா வீட்டுலயும் மீன் வாசம். அது சந்தோஷம். இது அப்படி இல்லை. இதைத் தின்னவும் முடியாது. குழி தோண்டிப் புதைச்சோம். குழி தோண்டினது நான்தான், யாரும் சொல்லல.

பெய்லிஃப்கிட்ட உண்மையைச் சொன்னேன். அலாரத்தை அணைச்சேன்னே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தண்ணியைப் பார்த்தார். "நாலரைக்குப் போட்டிருந்தா பாதியாவது பிழைச்சிருக்கும்" என்றார். ஆறுதல் எதுவும் சொல்லல. அது எனக்கு அப்போ சரின்னுதான் பட்டது. கெண்டைப் பையன்கள்ல ஒருத்தன் மூணு மாசம் என்கிட்ட பேசல.

அடுத்த கமிட்டியில நான் விலகிக்கிறேன்னு எழுதிக் கொண்டுபோனேன். மினிட்ஸ்ல "23 ஜூலை காலை அளவு எடுக்கப்படவில்லை" என்று ஒரு வரி, பேர் இல்லை. தலைவர் என் காகிதத்தை வாங்கிப் படிச்சுட்டு, அடுத்த விஷயத்துக்குப் போயிட்டார். பெரியவர் கமிட்டியிலேயே இல்லை, ஆனா வந்திருந்தார். எழுந்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். ரோட்டாவுல ஒரு நாளைக்கு ரெண்டு பேர் போடணும். ஒருத்தர் தூங்கினா இன்னொருத்தர் எழுப்பணும். ஆபீஸ்ல நான் எழுதற ஒவ்வொரு டிசைன்லயும் ஒரே சர்வரை நம்பக் கூடாதுன்னு பக்கம் பக்கமா எழுதறவன். ஏரிக்கு மட்டும் ஒரு பேர் போட்டிருக்கேன். யார் யார் ஜோடின்னு வந்தப்போ, "அவனோட நான்" என்றார். எனக்கு முகத்தைத் தூக்க முடியல.

அப்புறம் வந்த கோடைகள்ல, ஜூன்லருந்து ஆகஸ்ட் வரைக்கும் எங்க முறை வர்ற நாள்ல காலை நாலே காலுக்கு என் போன் அடிக்கும். "அப்?" என்பார். "அப்" என்பேன். கட் பண்ணிடுவார். அஞ்சு நிமிஷம் முன்னாடியே அவர் கரையில இருப்பார். பேச்சு அதிகம் கிடையாது. 2025 கோடை பிரிட்டன்ல பதிவானதுலயே வெப்பமான கோடை. அந்த வருஷம் மீட்டர் 3.1 வரைக்கும் இறங்கிச்சு, ஒன்பது நாள் பம்ப் ஓடிச்சு. ரெண்டு பிரீம் போச்சு, அவ்வளவுதான். பொருளாளர் அதுக்குக் காரணம் வைக்கோல்னு சொல்றார்.

இப்போ புதுப் பஞ்சாயத்து நீர்நாய். 1950-களுக்கு அப்புறம் பூச்சிமருந்தால இங்கிலாந்துல ஏறக்குறைய அழிஞ்சே போன ஜீவன். மருந்தைத் தடை பண்ணினதும் மெதுவா திரும்பி வந்து, 2011-ல் இங்கிலாந்தின் எல்லா கவுன்ட்டிகள்லயும் இருக்குன்னு அறிவிச்சாங்க. எல்லாருக்கும் சந்தோஷம், கெண்டைக்காரங்களைத் தவிர. அதைத் தொடக்கூடாது, சட்டப் பாதுகாப்பு. வேலிதான் கட்டலாம். நாலு ஏக்கரைச் சுத்தி வேலின்னா கிளப்போட ரெண்டு வருஷ வருமானம் போயிடும். ராடு லைசென்ஸ் காசுல இருந்து ஆங்கிளிங் டிரஸ்ட் மூலமா மானியம் கொடுக்கிற நிதி ஒண்ணு இருக்கு, அதுக்கு விண்ணப்பம் எழுதிட்டு இருக்கேன். கெண்டைப் பையன் படம் வரைஞ்சு தர்றான், இப்போ பேசறான். பெரியவருக்கு வேலியில இஷ்டமே இல்லை. அது வந்து நாப்பது வருஷம் ஆயிருந்தா நீங்க வேலி போடுவீங்களான்னு கேக்கிறார்.

அவர் மரம் இப்போ பத்தடி துளிர்த்திருக்கு. மறுபடி வெட்டணும், இந்தக் குளிர்காலம். போன வாரம் மெயில் வந்தது. ஞாயிறு எட்டு மணி, கையுறை அவரவர் கொண்டு வரவும், பேக்கன் ரோல் உண்டு.